பிரேக்கு போடாத கையெழுத்து

பணிமனையில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. ஓட்டுநராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு நாய் குறுக்கே ஓடிவர, அவள் பிரேக்கை ஓங்கி அழுத்திப் பேருந்தை நிறுத்தினாள். பின்படிக்கட்டருகே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துனர் முன்கண்ணாடி வரைக்கும் வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த வசவுகளில் பாதியை எழுத முடியாது. எழுதக்கூடிய ஒன்று 'பிரேக்கு'. நாய் பிழைத்துக்கொண்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாகப் பிரேக்கு, வயதில் சின்னவர்களுக்குப் பிரேக்கு அக்கா.

அவளிடம் நல்ல குணங்கள் நிறைய உண்டு. மன்னிக்கிற குணம் மட்டும் கிடையாது. ஒருதரம் சில்லறைத் தகராறில் ஒரு பயணி அதே நடத்துனரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். பிரேக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கதவுகளையும் மூடினாள். மூன்று நிறுத்தங்களில் நிற்காமல், நாற்பது பயணிகளோடு பேருந்தை நேராகக் காவல் நிலைய வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வழியெல்லாம் அந்த ஆள் கெஞ்சியதைக் கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினாள். அதற்காக மேலதிகாரி அவளை ஒரு வாரம் பணியிடைநீக்கம் செய்தார். "போனா போகுது, வீட்ல ஒட்டடை அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வீடு அவளுடைய அப்பா கட்டியது. கொத்தனாரான அவர் அடுத்தவர்களுக்கு ஆறு நாள் கட்டிவிட்டு, ஏழாவது நாளில் தனக்கென்று செங்கல் அடுக்கி, ஆறு வருடத்தில் எழுப்பிய வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் தகரக் கூரை போட்ட சமையற்கட்டு. மூத்த மகளுக்குச் சேரவேண்டியதை அவள் கல்யாணத்தின்போதே கொடுத்து முடித்துவிட்டு, வீட்டை இளையவள் பெயருக்கு எழுதி வைத்தார். அக்கா முகம் சுளிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அம்மா சீக்கிரமே போய்விட்ட அந்த வீட்டில் தங்கைக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு ஆளாக்கியவள் அந்த அக்காதான்.

நோட்டீஸ் வந்தது அவளுடைய விடுமுறை நாளில். காலையில் கதவைத் திறந்தபோது பசை காயாமல் கதவில் ஒட்டியிருந்தது. அவள் பெயர், அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் சரியாக இருந்தன. மேற்படி வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு ஐந்து தவணை கட்டவில்லை என்றும், அறுபது நாளில் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கு வரும் என்றும் அதில் எழுதியிருந்தது. எதிர்வீட்டுக்காரி வாசல் பெருக்குகிற சாக்கில் அதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டாள்.

பிரேக்குவின் கணவர் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறவர். உப்பு, காரம் இரண்டையும் குறைத்துக் குறைத்தே பழகிய மனிதர். நோட்டீஸைப் பார்த்ததும், "வேற யாருக்காவது வந்திருக்கும், வீடு மாறி ஒட்டிட்டானுங்க" என்றார்.

"எங்கப்பா பேருமா மாறி வந்திருக்கு?"

அவள் சீருடையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் புறப்பட்டாள். விடுமுறை நாளில் எதற்குச் சீருடை என்று அவர் கேட்கவில்லை. சண்டைக்குப் போகும்போது அவள் அதைத்தான் போடுவாள்.

கடன் பிரிவு அதிகாரி தாடியை அளவெடுத்து வெட்டியிருந்த இளைஞன். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு. நீங்களே வந்து கையெழுத்துப் போட்டுட்டு இப்போ வாங்கலைன்னா எப்படிம்மா?" என்றான்.

"நான் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கிறதே இதுதான் முதல் தடவை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"சரி. நான் போட்ட கையெழுத்தை நானே பார்க்கணும். கோப்பு முழுக்க நகல் எடுத்துக் குடுங்க."

"அதெல்லாம் உடனே தர முடியாது."

"பரவாயில்ல. உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தாள். ஒரு வேலைநேரம் முழுக்க இருக்கையை விட்டு எழாத உடம்பு அது. மத்தியானம் அவன் சாப்பிடப் போய் வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுக் கொடுத்தபோது, "என் வீட்டை எனக்கே தெரியாம அடமானம் வெச்சிருக்காங்க, அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று கூடமே கேட்கும்படி சொன்னாள். அடுத்த கால் மணி நேரத்தில் மேலாளரே நகலை உறையில் போட்டு நீட்டினார்.

அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சம்பளச் சான்றிதழில் அவள் ஏதோ ஏற்றுமதி நிறுவனத்தின் மேற்பார்வையாளராக இருந்தாள். மதிப்பீட்டாளர் எடுத்த படத்தில் அவள் வீட்டுக்கு மாடியும், மாடியில் வளைவு வைத்த பால்கனியும் முளைத்திருந்தன. அது மூன்றாவது தெருவிலிருக்கும் பல் மருத்துவரின் வீடு. தினமும் அந்த வழியாகப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது தெரியாதா? கையெழுத்து அவளுடையதைப் போலவேதான் இருந்தது. ஆனால் அவள் கடைசி எழுத்தை இழுத்து முடிக்கிறவள், அதில் சுழித்து முடித்திருந்தார்கள்.

விண்ணப்பத்தில் அவளுடையது என்று ஒரு கைப்பேசி எண் இருந்தது. எங்கோ பார்த்த எண்ணாகத் தோன்றவே, தன் கைப்பேசியில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். ஏழாவது எண்ணைத் தட்டியதும் கைப்பேசியே பெயரைச் சொல்லிவிட்டது: 'அத்தான் பழைய நம்பர்'.

அத்தான், அக்காவின் கணவர். கடன் வாங்கித் தருகிற தரகர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எந்த அலுவலகத்துக்குள் போனாலும் காவலாளியிலிருந்து மேலாளர் வரை பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால், வீட்டு வரியில் அப்பா பெயரே வருகிறது, மாற்றித் தருகிறேன் என்று மூலப்பத்திரத்தை வாங்கிப் போனவர். பத்து நாளில் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவர்.

கடைசிப் பக்கம் அடமானப் பத்திரத்தின் நகல். கைரேகையும், பதிவு அலுவலகத்தில் எடுத்த படமும் அதில் இருந்தன. நகலில் முகம் கருத்துத்தான் விழுந்திருந்தது. கனத்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, பின்னால் இழுத்துக் கட்டிய தலைமுடி. பார்த்தால் பிரேக்குதான். பிரேக்குவுக்கே ஒரு நொடி அப்படித்தான் பட்டது. பிறகு இடது புருவத்தின் வெட்டைப் பார்த்தாள். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து அக்காவுக்கு ஏற்பட்ட தழும்பு அது. கண்ணாடி பிரேக்குவுடையது. அக்கா வீட்டில் எங்கோ மறந்து வைத்துவிட்டு, கிடைக்காமல் போய், புதிதாக வாங்கவேண்டி வந்த பழைய கண்ணாடி.

அக்கா கண்ணாடி போடுகிறவள் இல்லை.

வங்கியிலிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று பிரேக்குவுக்குப் பின்னால் யோசித்தாலும் நினைவுக்கு வந்ததில்லை. பீரோவைத் திறந்து பத்திரத்தை உறையிலிருந்து எடுத்தாள். உண்மைப் பத்திரத்தில் முத்திரை அழுத்திய இடம் பின்பக்கம் புடைத்திருக்கும். இது வழவழவென்று இருந்தது. ஈர விரலால் தேய்த்தாள், மை கரைந்து விரலில் வந்தது. இரண்டு வருடமாக ஒரு வண்ண நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

"உங்க அத்தான்கிட்ட நேர்ல கேட்டுப் பார்க்கலாமே" என்றார் கணவர். "ஏதோ முடைக்கு வெச்சிருப்பார். மீட்டுக் குடுத்துடுவார்."

"அவர் மீட்டுக் குடுக்கிறது எனக்கு வேண்டாம்."

"பின்னே என்னதான் வேணும் உனக்கு?"

"அவர் உள்ள போகணும். வீட்டை நானே மீட்டுப்பேன்."

அந்த வாரக் கடைசியில் அவள் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். வழக்கம்போலப் பழம் வாங்கிக்கொண்டு, வழக்கமான முகத்தோடு. அத்தான் வாசலிலேயே, "வாம்மா பிரேக்கு, இன்னைக்கு எத்தனை பேரை முன்கண்ணாடிக்கு அனுப்பினே?" என்று கேட்டுத் தானே சிரித்தார். கூடத்தில் புதுச் சோபா கிடந்தது. அதில் உட்கார்ந்தபோது, என் வீட்டுக் கூடத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று பிரேக்குவுக்குத் தோன்றியது. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னாள்: "பேங்க்ல இருந்து என்னமோ நோட்டீஸ் வந்திருக்கு அத்தான். கடனாம், தவணையாம். எனக்கு ஒண்ணும் புரியல."

சமையற்கட்டில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. அத்தான் கண் இமைக்கவில்லை. அந்த நெஞ்சழுத்தத்தைப் பின்னாளில் அவளே மெச்சிக்கொள்வாள். "அதா? கம்ப்யூட்டர் கோளாறு. இதே மாதிரி நாலு பேருக்கு வந்திருக்கு. நீ பேங்க் பக்கம் போகாத, போனா உன் பேர்ல இன்னும் சிக்கலாக்கிடுவானுங்க. நோட்டீஸை என்கிட்ட குடு, நான் பார்த்துக்கறேன்."

"எங்க வீட்டுக்காரர் பயந்துகிட்டே இருக்கார். இதையே ஒரு மெசேஜா அனுப்பிடுங்களேன், அவர்கிட்ட காட்டிடறேன்."

ஊரார் தலையில் மிளகாய் அரைத்தே பழகியவர், தன் தலைக்கு அம்மிக்கல் வருவதைக் கவனிக்கவில்லை. அவள் வீட்டுப் படியிறங்குவதற்குள் செய்தி வந்துவிட்டது. 'பேங்குக்குப் போகவேண்டாம், போலீஸ் எதுவும் வேண்டாம், அந்தக் கடனை நான் முடித்துத் தருகிறேன்.' போலீஸ் என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது அது. அதோடு, நேரில் கம்ப்யூட்டர் கோளாறாக இருந்தது, செய்தியில் 'அந்தக் கடன்' ஆகியிருந்தது. அக்கா வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் பணிமனை நேரக்காப்பாளரிடம் போய் நின்றாள். பத்திரம் பதிவான தேதியைச் சொல்லி, அன்றைய வண்டிச் சீட்டு வேண்டும் என்றாள். ஒவ்வொரு நடை முடியும்போதும் நேரம் குறித்து ஓட்டுநர் கையெழுத்துப் போடுகிற தாள் அது. நேரக்காப்பாளர் பழைய கட்டுகளை இறக்கித் தும்மிக்கொண்டே தேடி எடுத்தார். பதிவு அலுவலகத்தில் அவள் கைரேகை வைத்ததாகச் சொல்லும் அதே நேரத்தில், அவள் ஊரின் மறுகோடியில் ஒரு சுண்ணாம்பு லாரி உரசி உடைத்த பக்கக் கண்ணாடிக்குப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த லாரிக்காரனை அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டியது நினைவிருந்தது. இப்போது அவனைத் தேடிப்போய்க் கும்பிடலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் நான்கு படி எடுத்தாள். புகாரைத் தன் கையாலேயே எழுதினாள். திட்டு ஒன்றுகூட இல்லாமல், தேதி, நேரம், தாள் எண் மட்டும். முதலில் போன காவல் நிலையத்தில் எழுத்தர் மேலோட்டமாகப் படித்துவிட்டு, "சொந்தக்காரங்கன்னு சொல்றீங்க. கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசித் தீர்த்துக்கங்க" என்றார்.

"பேசறதுக்கு வரல. புகார் குடுக்க வந்திருக்கேன். வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை வெச்சுக் குடுங்க. வாங்க மாட்டீங்கன்னா, வாங்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

முத்திரை விழுந்தது. அதே புகாரின் மற்றப் படிகளைப் பதிவு அலுவலகத்திலும் வங்கித் தலைமையகத்திலும், பத்திர மோசடிகளை விசாரிக்கிற காவல் பிரிவிலும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை வாங்கினாள். வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே அலைந்தாள். மூன்றாவது வாரம் மோசடிப் பிரிவின் பெண் ஆய்வாளர் கூப்பிட்டனுப்பினார். அதிகம் பேசாத மனுஷி. வண்டிச் சீட்டையும் அடமானப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்து குடுத்ததில்லை" என்றார். பிறகு, "படத்துல இருக்கிறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? புகார்ல எழுதலையே" என்று கேட்டார்.

எழுதவில்லைதான். அத்தான் பெயரை மூன்று இடத்தில் எழுதியவள் அந்த ஓர் இடத்தை மட்டும் 'அடையாளம் தெரியாத பெண்' என்று விட்டிருந்தாள். "அசல் படத்தைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள். அசலைப் பதிவு அலுவலகத்திலிருந்து தருவிக்க ஒரு வாரம் ஆகும் என்றார் ஆய்வாளர்.

அந்த வாரத்தின் நடுவில் அக்கா அவளுடைய பேருந்தில் ஏறினாள்.

அத்தானை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அக்கா டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால் வந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரைக் காலையில இருந்து உட்கார வெச்சிருக்காங்கடி" என்று அழத் தொடங்கினாள். பிரேக்கு பேசாமல் தலைக்குமேல் எழுதியிருந்த பலகையைக் காட்டினாள். ஓட்டுநரிடம் பேசக் கூடாது. பதினெட்டு நிறுத்தங்கள் அக்கா நின்றுகொண்டே வந்தாள். பக்கத்திலிருந்த பயணி எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை. பிரேக்கு அன்றைக்கு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி ஓட்டினாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் இயந்திரத்தை அணைத்தாள். "இப்போ சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. உனக்கு லீவு கிடைக்கலையாம், உன் சார்பா நான் வந்து உட்காரணும்னு நீயே சொன்னதா அவர் சொன்னார். நான் நம்பிட்டேன்."

"என்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"அவசரம்னார்."

"சரி, நம்பிட்டே. என் சார்பாத்தான் போனே. அப்போ என் கண்ணாடியை எதுக்குப் போட்டுக்கிட்டே?"

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இல்லாம உனக்குக் கண் தெரியுமே. அதைப் போட்டா நடக்கவே தடுமாறி இருப்பே. தடுமாறிக்கிட்டே போய் உட்கார்ந்தியா?"

"பொண்ணு படிப்புக்குடி... ரெண்டு தவணையில மீட்டுடலாம்னார்... உனக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்னார்..." அக்கா அவள் கையைப் பிடித்தாள். "உன்னை நான் தூக்கி வளர்த்தேன்டி. என்னைச் சொல்லாத. அவரை என்ன வேணா பண்ணிக்கோ. என்னைத் தெரியலைன்னு சொல்லிடு."

புருஷனையும் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பிரேக்கு நினைத்தாள். ஏனோ அதுதான் அவளை அதிகமாகக் கொதிக்க வைத்தது. கையை விடுவித்துக்கொண்டு, "வண்டி கிளம்பற நேரம். திரும்பி வர்றதா இருந்தா டிக்கெட் எடுத்துக்கோ" என்றாள்.

வாரக் கடைசியில் ஆய்வாளர் அசல் படத்தை மேசைமேல் வைத்தார். வண்ணப் படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. அக்கா கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்க முடியாமல் சற்றுத் தள்ளிப் பார்த்தாள். பிரேக்கு அவ்வளவு நேரம் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. கணவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். வருகிற வழியெல்லாம், "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்திருந்தார்.

"யாரு இவங்க?"

"என் கூடப் பிறந்தவ" என்றாள் பிரேக்கு. பெயரையும் முகவரியையும், எந்த நேரத்தில் போனால் வீட்டில் இருப்பாள் என்பதையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. கைரேகை பொருந்தியது. அத்தானின் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு போனபோது இன்னும் ஏழு வீடுகள் வெளியே வந்தன. வெளிநாட்டிலிருந்த ஒருவரின் வீடு, செத்துப்போன ஒருவரின் வீடு, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு தையற்காரரின் வீடு. எட்டுக்கும் மதிப்பீட்டாளர் ஒரே ஆள். மூன்றுக்கு அதே பல் மருத்துவரின் பால்கனி. கடனுக்குப் பரிந்துரை எழுதியவன் தாடிக்கார அதிகாரி. அவனைக் கைது செய்த அன்று பிரேக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வங்கி வாசலுக்குப் போய் நின்றாள். அவன் ஜீப்பில் ஏறும்போது, "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க தம்பி" என்றாள். அதைச் சொல்லத்தான் போனாள்.

வங்கி ஏலத்தை நிறுத்தி வைத்தது. அவள் வீட்டின்மேல் ஏறிய அடமானத்தை நீதிமன்றம் ரத்து செய்து, மூலப்பத்திரம் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. வழக்கு அதற்கு மேலும் இழுத்தது. ஒரு வாய்தாவையும் அவள் தவறவிடவில்லை. அத்தான் கூண்டில் ஏறினால் நேரே கண்ணில் படுகிற முதல் பெஞ்சில், கஞ்சி போட்ட சீருடையில் உட்கார்ந்திருப்பாள். முதலில் முறைத்தவர், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் மேலே நிமிரவே இல்லை. வெள்ளைச் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது, பேனாக்கள் இல்லை. அத்தானுக்கு ஐந்து வருடம். அக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் அவளுக்கு ஆறு மாதம். தீர்ப்பைப் படித்தபோது அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பிரேக்கு பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

படியிறங்கும்போது கணவர் கேட்டார்: "இப்போ மனசு ஆறிடுச்சா?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "அவர் விஷயத்துல ஆறிடுச்சு. நல்லாத் தூங்குவேன். அவ விஷயத்துல ஆறல. ஆறணும்னும் தோணல."

ஆறு மாதம் கழித்து அக்கா வெளியே வந்தாள். வீட்டையும் சோபாவையும் விற்று வழக்குக்குக் கொடுத்தாயிற்று. மகளோடு ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அந்தச் சேதியைச் சொன்னது கணவர். அவருக்கு எப்படித் தெரியும் என்று பிரேக்கு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சமைப்பதும், அடுக்குப் பாத்திரத்தில் போட்டுத் துணியால் சுற்றிச் சைக்கிளில் மாட்டுவதும், நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுப்பதும் பல மாதங்களாக நடந்தன. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். காது மடல் சிவந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்தில் உட்கார்ந்து செருப்புக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாத்திரத்தோடு அவளைக் கடந்து வாசலுக்குப் போனார்.

"இங்க பாருங்க" என்றாள், நிமிராமல்.

அவர் திகைத்து நின்றார்.

"குடுக்கறதைக் குடுங்க. நான் குடுத்தனுப்பினதா மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவள் இரண்டாவது செருப்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.